அறுபத்தோராவது அலகு

2025 ஜூன் கட்டணப்படி, ஒரு மாதத்தில் 60 அலகு மின்சாரம் பாவித்த வீட்டுக்கு 585 ரூபா பட்டியல் வருகிறது. அதே மாதத்தில் பக்கத்து வீடு 61 அலகு பாவித்திருந்தால் அங்கே 1183 ரூபா 50 சதம் வருகிறது. வித்தியாசம் ஓர் அலகுதான். அந்த ஓர் அலகின் விலை ஏறத்தாழ 600 ரூபா. வகுப்பில் இதைச் சொன்னபோது தோழிகளில் பாதிப்பேர் நம்பவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எங்களில் பலர் வவுனியாவில் வாடகை வீடுகளில்தான் இருக்கிறோம். கரண்ட் பில் வரும் நாளில் வாப்பாமாரின் முகம் மாறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே அதே கணக்கைப் பெற்றோருக்காகவும் இங்கே போடுகிறேன்.

2025 ஜூன் 12ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பாவனை 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு அலகொன்று 4 ரூபா 50 சதம், அடுத்த 30 அலகுக்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. 135உம் 240உம் 210உம் சேர்ந்து 585. பாவனை 60ஐத் தாண்டியதும் அந்த இரண்டு மலிவான படிகளும் இல்லாமற் போகின்றன. முதலாவது அலகிலிருந்தே 12 ரூபா 75 சதம் கணக்கிடப்படுகிறது. 61ஆவது அலகு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 400 ரூபா. கூட்டினால் 1183.50. இதற்கு மேல் வரியும் உண்டு, அதை இந்தக் கட்டுரை முழுவதிலும் விட்டுவிடுகிறேன்.

ஏணி அத்தோடு முடியவில்லை. 91ஆவது அலகில் நிலையான கட்டணம் 1000 ரூபாவாகிறது, அலகு 24 ரூபா. 121ஆவது அலகில் நிலையான கட்டணம் 1500, அலகு 41 ரூபா. 180ஐத் தாண்டினால் 2100, அலகு 61 ரூபா. 90 அலகு பாவித்தவருக்கு 1720 ரூபா, 91 பாவித்தவருக்கு 2344 ரூபா. ஆகவே "கொஞ்சம் கூடிப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் கூடியது என்பதுதான் கேள்வி.

இந்த எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் வாசிப்பவர் 33ஆம் நாளில் வந்தால் 60 என்ற எல்லை 66 ஆக நகரும். நாளொன்றுக்கு 1, 2, 3, 4, 6 அலகு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். எந்த மாதத்துக்கும் அது பொருந்தும். நாளுக்கு இரண்டு அலகுக்குள் நிற்கும் குடும்பம் மலிவான படியில் இருக்கிறது. கட்டணம் இனியும் மாறலாம். அப்போது பட்டியலில் உள்ள புதிய விலையை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அது எவ்வளவு மாறக்கூடியது என்பதற்கு 60 அலகையே சாட்சியாக வைக்கலாம். 2022 ஓகஸ்டுக்கு முன்னர் 60 அலகுக்கு 280 ரூபா 50 சதம். அந்த ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம் கூட்டியபோது அதே 60 அலகு 2560 ரூபாவுக்குப் போனது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததும், பிறகு மின்சாரம் வந்தபோது அதைப் பாவிக்கப் பயமாக இருந்ததும் எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். பின்னர் ஏறியும் இறங்கியும் 2025 ஜூனில் 585 ரூபாவில் நின்றது. குறைந்த காலத்தில்தான் வீட்டுப் பழக்கங்களைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கூடிய காலத்தில் பதற்றம்தான் மிஞ்சும்.

என் உம்மம்மா முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போய், பல வருடங்கள் கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கோடு இருந்தவர். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "மண்ணெண்ணெய் போத்தல்ல குறையிறது கண்ணுக்குத் தெரியும் மகள், கரண்ட் குறையிறது தெரியாது." எந்தப் பௌதிகவியல் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை நான் வாசித்ததில்லை. மின்சாரத்துக்கும் ஒரு போத்தல் இருக்கிறது. அது சுவரில் மாட்டியிருக்கும் மீற்றர். நாங்கள் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஓர் அலகு என்பது 1000 வாற்றுக் கருவியொன்று ஒரு மணித்தியாலம் இயங்கும்போது செலவாகும் சக்தி. கருவியின் பின்பக்கத்தில் எழுதியுள்ள வாற்றை மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அலகு வரும். 75 வாற்று மின்விசிறி எட்டு மணித்தியாலம் சுழன்றால் 0.6 அலகு. 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் நான்கு மணித்தியாலம் எரிந்தால் 0.036 அலகு. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள், பின்னர் தேவைப்படும்.

பிரிஜ் போன்றவற்றுக்கு இந்தப் பெருக்கல் சரிவராது. அது விட்டுவிட்டு இயங்கும். அங்கே மீற்றரிடமே கேட்க வேண்டும். புதிய இலத்திரனியல் மீற்றர்களில் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டிருக்கும். ஓர் அலகுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மீற்றரின் முகத்திலேயே எழுதியிருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிரிஜ் மட்டும் இயங்கும் நேரத்தில் 10 மின்னலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைப்பேசியில் அளவுங்கள். 150 செக்கன் எடுத்தால், 3600ஐ 10ஆல் பெருக்கி, 1600ஆலும் 150ஆலும் வகுக்க 0.15 கிலோவாற்று, அதாவது 150 வாற்று. பழைய தட்டு மீற்றரில் தட்டு சுற்றும் எண்ணிக்கையை வைத்து இதையே செய்யலாம். பிரிஜ்ஜையும் நிறுத்திய பிறகும் வெளிச்சம் மின்னினால், அல்லது தட்டு சுற்றினால், எங்கோ ஏதோ களவாகக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறந்துபோன ஒரு ப்ளக்காக இருக்கலாம், சுவருக்குள் கசிவாகவும் இருக்கலாம். கசிவென்று சந்தேகம் வந்தால் மின்னியலாளரைக் கூப்பிட வேண்டும். மீற்றரின் முத்திரையில் கைவைக்கக் கூடாது.

இனி வாடகை வீட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இங்கே நிறைய வளவுகளில் முன்வீட்டில் சொந்தக்காரரும் பின்வீட்டில் வாடகைக்காரரும் இருப்பார்கள், பிரதான மீற்றர் ஒன்றுதான் இருக்கும். பின்வீட்டுக்கு ஓர் உப மீற்றர் போட்டிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். நியாயமான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் ஏணியை நினைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பங்கள் தனித்தனி மீற்றரில் ஆளுக்கு 60 அலகு பாவித்தால் இருவருக்கும் சேர்த்து 1170 ரூபா. அதே 120 அலகு ஒரே மீற்றரில் ஓடினால் 3040 ரூபா. யாரும் கூடுதலாக ஒரு மின்குமிழ்கூடப் போடவில்லை, 1870 ரூபா கூடிவிட்டது. இந்த 1870 ரூபாதான் வாடகை வளவுகளில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம். இருவரும் மற்றவர்தான் கூடப் பாவிக்கிறார் என்று மனதார நம்புகிறார்கள்.

எங்கள் வளவிலும் அது வந்தது. ஒரு மாதம் மொத்தம் 168 அலகு, 5508 ரூபா. வீட்டுக்கார மாமி உம்மாவிடம், "புள்ளைகள் ராவெல்லாம் லைட்டப் போட்டுக்கொண்டு படிக்கிதுகள், பத்து மணிக்குப் பொறகு நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். கெட்ட மனுஷி அல்ல. பெருநாளைக்கு முதல் வட்டிலாப்பம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் தங்கச்சி அந்த வருடம் சாதாரண தரம் எழுத இருந்தாள். உம்மாவுக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. வீடு மாறுவதென்றால் முற்பணம் தேட வேண்டும்.

நான் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, காலையிலும் இரவிலும் இரண்டு மீற்றரையும் எழுதத் தொடங்கினேன். மாமியின் அனுமதியோடுதான். மூன்றாம் நாளிலிருந்து அவரே "இண்டைக்கு எத்தின?" என்று கேட்கத் தொடங்கினார்.

அந்த மாதத்தில் எங்கள் பங்கு 70 அலகு, அவர்களுடையது 98. படிப்பு மேசையின் 9 வாற்றுக் குமிழ் நாளுக்கு நான்கு மணித்தியாலம் எரிந்து மாதத்துக்கு எடுத்தது 1.08 அலகு. கேற்றடியில் ஒரு பழைய மஞ்சள் குமிழ் இருந்தது, 60 வாற்று, மஃரிபிலிருந்து விடியும்வரை 12 மணித்தியாலம் எரியும். அது மாதத்துக்கு 21.6 அலகு. தங்கச்சியின் படிப்பு வெளிச்சத்தைப்போல் சரியாக இருபது மடங்கு. கேற்றடி வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இருட்டில் பாம்பு வரும் வளவு அது. 7 வாற்று எல்.ஈ.டி. போட்டபோது அதே வெளிச்சத்துக்கு இரண்டரை அலகு போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் பெற்றோரிடம் நேரடியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சிக்கனம் என்றதும் கை முதலில் போவது பிள்ளை படிக்கும் அறையின் ஆளிக்குத்தான், ஏனென்றால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். குமிழ் எல்.ஈ.டி. ஆக இருந்தால், அது வீட்டிலேயே மிக மலிவான செலவுகளில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் ஓடுபவற்றைத் தேடுங்கள்.

மாமியின் பக்கத்தில் இரண்டாவது பெரிய ஆள் தண்ணீர் மோட்டர். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. அந்த அளவு சக்தி இழுக்கும் மோட்டர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஏன் தேவைப்பட்டது? கழிவறைத் தொட்டியின் வால்வு தேய்ந்து இரவு பகலாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தாங்கி வெறுமையாவதும் நிரப்புவதுமாக இருந்தார்கள். சொட்டும் குழாய் தண்ணீரை மட்டும் வீணாக்குகிறது என்று நினைக்கிறோம், கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றும் வீட்டில் அது மின்சாரத்தையும் சொட்டுகிறது. வால்வை மாற்றியதும் அரை மணித்தியாலம் போதுமாகிவிட்டது. குமிழும் வால்வும் சேர்ந்து மாதத்துக்கு 30 அலகு.

எங்கள் பக்கத்தில் நான் எதிர்பாராதது டிஷ் அன்ரெனாவின் பெட்டி. தொலைக்காட்சியை ரிமோட்டால் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவோம். பெட்டி 10, 12 வாற்று என்று விடியும்வரை இழுத்துக்கொண்டே இருந்தது. 24 மணித்தியாலமும் ஓடும் 10 வாற்றுக் கருவி மாதத்துக்கு 7 அலகு எடுக்கும். சுவரிலுள்ள ஆளியை நிறுத்தும் பழக்கம் மட்டுமே எங்களுக்கு ஆறு அலகு மிச்சம் தந்தது. கைப்பேசி சார்ஜரைக் கழற்றி வைத்தால் பெரிய மிச்சம் என்று சொல்வார்கள். கழற்றுவது நல்லதுதான், ஆனால் பட்டியலில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரிஜ்ஜைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: இரவில் நிறுத்திவிட்டால் மிச்சம். நிறுத்திய பிரிஜ் இரவு முழுக்கச் சூடாகி, காலையில் அதைத் திரும்பக் குளிராக்க நீண்ட நேரம் ஓடும். மிச்சம் சொற்பம், பாலும் இறைச்சியும் கெடும் ஆபத்துத்தான் அதிகம். அதைவிட வேறு வேலைகள் உண்டு. கதவின் றப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் போகிறது. வாடகை வீட்டில் இடம் குறைவு என்பதால் பிரிஜ்ஜைச் சுவரோடு ஒட்டியும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைத்துவிடுகிறோம். பின்பக்கம் வெப்பம் வெளியேற ஒரு சாண் இடைவெளி வேண்டும். நாங்கள் இடத்தை மாற்றி, றப்பரையும் மாற்றியபோது நான்கைந்து அலகு குறைந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வாரத்தில் மட்டும் எந்தக் கணக்கும் நிற்காது. சூடு ஆறாத இறைச்சியை ஒரேயடியாக அடைந்தால் எந்த பிரிஜ்ஜும் திணறும், கொடுக்க வேண்டிய பங்கை அன்றே கொடுத்துவிடுவது அதற்கும் நல்லது.

அயன் 1000 வாற்று. வெள்ளைச் சீருடையையும் பர்தாவையும் தினம் காலை ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகச் சூடாக்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாள், ஐந்து நாளுக்குரியதையும் சேர்த்துப் போடுகிறோம். கடைசி உடுப்புக்கு ஆளியை நிறுத்தினாலும் மிச்சச் சூடு போதும். இரவு பத்தரைக்குப் பிறகு அயன் போட்டால் விலை குறையும் என்று சிலர் விழித்திருக்கிறார்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறை ஒன்று இருப்பது உண்மை. மாலை ஆறரையிலிருந்து பத்தரைவரை அதில் விலை கூட. ஆனால் சாதாரண படிமுறைக் கட்டணத்தில் இருக்கும் வீட்டுக்கு எந்த நேரத்திலும் ஒரே விலைதான். நித்திரை கெட வேண்டியதில்லை.

கேத்தலுக்குப் பயப்படவும் வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 2 இலட்சத்து 94 ஆயிரம் யூல், அதாவது 0.08 அலகு. ஓர் அலகுக்கு 12 லீற்றர் கொதிக்கும். இரண்டு கோப்பைத் தேநீருக்குக் கேத்தலை நிரப்புவதுதான் வீண். ரமழானில் சஹருக்கு ஒரு தடவை கொதிக்க வைத்து பிளாஸ்க்கில் ஊற்றிவைத்தால், பிந்தி எழும்புகிறவருக்காக மறுபடி கொதிக்க வைக்கத் தேவையில்லை.

மிகப் பெரிய மிச்சம் மின்விசிறியில் கிடைத்தது. சித்திரை வெய்யிலில் சீற் கூரைக்குக் கீழே விசிறி இல்லாமல் இருக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. பழைய கூரை விசிறி 75 வாற்று. தூரிகையற்ற மோட்டர் உள்ள புதியது 30 வாற்று அளவில் அதே காற்றைத் தருகிறது. எங்கள் வீட்டில் அது மாதத்துக்கு ஒன்பது அலகைக் குறைத்தது. விலை கூட என்பதால் வாப்பா மூன்று மாதம் யோசித்தார். "நம்மட வீடில்லையே" என்றார். அதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்காரரின் பழைய விசிறியைக் கடதாசியில் சுற்றிப் பத்திரமாக வைத்து, போகும்போது அதை மாட்டிவிட்டு எங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம். மின்குமிழுக்கும் அதேதான். வாடகைக்காரர் பணம் போட வேண்டியது லொறியில் ஏற்றக்கூடிய பொருளில். கூரையில் பொருத்தும் சூரியப்படலம் நல்ல விஷயம், ஆனால் அது கூரைக்குச் சொந்தக்காரருடைய விஷயம்.

கூரைக்கு வாடகைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உம்மம்மாவின் யோசனை அது. மேற்குப் பக்கச் சீற்றின் மேல் கிடுகு பரப்பினோம், சமையலறைப் பக்கம் நெருப்புக்குப் பயந்து விட்டுவிட்டோம். பின்னேரம் அறைக்குள் வரும் அனல் குறைந்தது. விசிறியை ஐந்தில் வைத்தவர்கள் மூன்றில் வைக்கிறோம். விசிறியின் ரெகுலேற்றர் பெரிய பழைய வகையாக இருந்தால் வேகம் குறைத்தாலும் செலவு அவ்வளவாகக் குறையாது, அது மிச்சத்தைச் சூடாக்கி வீணாக்கும். சிறிய இலத்திரனியல் ரெகுலேற்றர் அப்படியல்ல.

நாலு மாதத்தில் எங்கள் பாவனை 70இலிருந்து 50க்கு வந்தது, மாமியுடையது 98இலிருந்து 68க்கு. மொத்தம் 118. பட்டியல் 5508இலிருந்து 2992 ரூபாவுக்கு இறங்கியது. உப மீற்றரின் விகிதப்படி எங்கள் பங்கு 1268 ரூபா, முன்னர் 2295. இரண்டு வீட்டாரில் ஒருவர் மட்டும் சிக்கனம் பிடித்திருந்தால் 120க்குக் கீழே வந்திருக்க முடியாது. ஒரே மீற்றரில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் வேவு பார்ப்பதைவிடச் சேர்ந்து எண்ணுவது லாபம். பங்கு பிரிக்கும் முறையையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்: மொத்தப் பட்டியலை மொத்த அலகால் வகுத்து, உப மீற்றரின் அலகால் பெருக்குவது. "அலகுக்கு இவ்வளவு" என்று வருடம் முழுக்க ஒரே விலையில் வாங்கும் வீடுகளும் உண்டு. அங்கே நாங்கள் எவ்வளவு குறைத்தாலும் படி இறங்கிய லாபம் எங்களிடம் வந்து சேராது. பட்டியலைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தனி மீற்றர் இருந்திருந்தால் அதே 50 அலகுக்கு 505 ரூபாதான். மாதம் 760 ரூபா வித்தியாசம். அதற்கு வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமும் ஆவணங்களும் வேண்டும், இணைப்புக்குச் செலவும் உண்டு. மின்சார விநியோகத்துக்குரிய பிரதேச அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை 760ஆல் வகுத்துப் பார்த்தால் எத்தனை மாதத்தில் அது திரும்பி வரும் என்பது தெரியும். அந்த வீட்டில் அவ்வளவு காலம் இருப்போமா, செலவை யார் ஏற்பது, போகும்போது யாருக்கு என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமி இப்போது இதற்குச் சம்மதம்தான். எங்களுக்குப் பிறகு வருகிறவர்களிடம் கூடுதல் வாடகை கேட்கலாம் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் தப்பில்லை.

புதிய வீட்டுக்குப் போகிறவர்கள் சாமான் இறக்க முதல் மீற்றரைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். சில மீற்றர்களில் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம் தசமம், அதை அலகாக எண்ணக் கூடாது. முன்பிருந்தவர்களின் நிலுவை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியேறும் நாளில், லொறி வந்த பிறகு, பிரிஜ்ஜின் ப்ளக்கையும் கழற்றிய பின் இன்னொரு படம் எடுங்கள். முற்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற பேச்சு அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் முடிந்துவிடும்.